நின்றவூர் அகக்கோயிலும் மூளையாராய்ச்சியும்

தொண்டைநாட்டுச் சிவத்தலங்களைத் தொழச் செல்லும் அன்பர், சென்னையினின்று மேற்றிசை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை வழியே அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம் என்னும் ஊர்களைக் கடந்து திருநின்றவூரை அடைவர். வழிநெடுக ஆலைகளும் பட்டறைகளும் படைத்துறைத் தொழிற்சாலைகளும் நெருங்கியுள்ளன. ஓசையொழிந்த இடம் காண்டல் அரிது. ஆயினும், சைவவுலகம் அவ்வூரை நினைந்து கைகூப்புவது ஓசையின்றி எழுந்த ஒரு கோயிலின் பொருட்டேயாம். கல் சுமப்பாரும் இன்றி, உளியொலியும் இன்றி, பூசலார் நாயனார் தம் உள்ளத்தே எடுத்த திருக்கோயில் அது.

மௌனத்தில் அமர்ந்து ஒன்றனை இடைவிடாது பாவிப்பாருடைய மூளையில் நிகழ்வன யாவை என்பதனை இக்காலத்து ஆராய்ச்சியாளர் கருவிகொண்டு அளந்து வருகின்றனர். அவ்வளவைகள் நாயனார் செயலுக்கு அரண் செய்வனவோ, அன்றி அதனை வெறுங் கற்பனையென்று ஒதுக்குவனவோ என்னும் ஐயம் கற்றறிந்த சைவர் பலர்க்கும் உண்டு. அதனை வரலாற்று முறையான் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுச் சான்று

பூசலார் திருப்பெயர் முதற்கண் வழங்கக் காண்பது சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையிலாம். ஆண்டே அவர் நின்றவூரினர் என்பதும் கூறப்பட்டது. நம்பியாண்டார் நம்பிகள் அதனைத் தம் திருவந்தாதியில் வகுத்துரைத்தார். விரித்துரைத்தவர் சேக்கிழார் பெருமான். இரண்டாங் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்து அமைச்சராய் விளங்கிய அப்பெருமான், பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரில் தோன்றியவர். ஆகலின், நின்றவூர் அவர்க்கு ஏட்டில் மட்டும் கண்ட ஊர் அன்று. தம் நாட்டுப் பக்கத்து ஊரேயாம். மூர்க்க நாயனார் தோன்றிய திருவேற்காடும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே. தொண்டைநாட்டின் இச்சிறு பகுதி இங்ஙனம் அடியார் வரலாறு செறிந்த நிலமாயிற்று.

சேக்கிழார் காடவர் கோமான் என்று குறித்த அரசனை, காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த இராசசிம்ம பல்லவன் என்று வரலாற்றறிஞர் துணிவர். அவன் காலம் கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அக்கோயில் விமானத்தைச் சூழ வெட்டப்பட்ட வடமொழிச் சாசனம், ஹூல்ஷ் என்னும் அறிஞரால் 1890-ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சாசனங்களின் முதற்றொகுதியில் வெளியிடப்பட்டது. பண்டை யுகங்களில் அரசர் சிலர் வானொலி கேட்டது வியப்பன்று. நற்குணங்கள் அகன்ற இக்கலியுகத்தில் இவ்வரசன் அவ்வொலியைக் கேட்டதே வியப்பு என்னும் கருத்துடைய சுலோகம் ஒன்று அதன்கண் உளது. நாயனார் பெயர் அச்சாசனத்தில் இல்லை. எனினும், திருக்கோயிலெடுத்த பல்லவ மன்னன் ஒருவன் தெய்வ வாக்குக் கேட்டான் என்னும் செய்தி, சேக்கிழாருக்கு 400 ஆண்டுகட்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டிருந்தமை இதனாற் பெறப்படும்.

அகத்திருப்பணியின் முறை

மறையவர் குலத்துதித்த பூசலார், இறைவனுக்கு ஓர் ஆலயம் எடுக்க விழைந்து பொருள் தேடினார், எங்கும் கிடைத்திலது. வருந்தி நைந்த அவர், உள்ளத்தாலேயே அதனை எடுப்பது என்று துணிந்தார். அத்துணிவின் பின் அவர் செய்தவற்றைச் சேக்கிழார் நிரல்படக் கூறுதல் ஊன்றி நோக்கத்தக்கது. பொருளைச் சிறிது சிறிதாக உள்ளத்தே ஈட்டினார், வேண்டும் உபகரணங்களையும் தச்சரையும் தேடிக்கொண்டார், ஆகம விதிப்படி நன்னாள் கொண்டு அடிநிலை பாரித்தார், இரவினும் கண்டுயிலாது உபானம் முதலாகப் படையடுக்கி விமானத்தை உயர்த்தினார், தூபி நட்டார், சுதை தீற்றினார், கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். இவை முடியப் பன்னாள் சென்றன. பின்னரே தாபனஞ் செய்தற்கு நாள் குறித்தார்.

அந்நாளே காடவர் கோமானும் கச்சிக் கற்றளிக்குக் குறித்த நாள். முன்னாளிரவு இறைவன் அரசன் கனவிற் றோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து எடுத்த ஆலயத்தில் யாம் நாளை புகுவேம். நீ நின் செயலைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்க என்று அருளினான். அரசன் நின்றவூர் சென்று கோயில் யாண்டுளது என வினவ, அத்தகைய கோயில் ஈங்கு இல்லை என்றனர் ஊரவர். அன்பரை அடைந்து வணங்கி உண்மை உணர்ந்தபின், நிலமுற வீழ்ந்து வணங்கி மீண்டான்.

மனோராச்சியமும் பாவனையும்

அற்றேல், பொருளற்றார் ஒருவர் தம் ஆற்றாமையை மறத்தற்கு மனக்கோட்டை கட்டினார் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது எனின், கூறுதும்.

மனோராச்சியம் தானே ஓடுவது, பாவனை செலுத்தப்படுவது. முன்னதற்கு முறையும் முடிவும் இல்லை. பின்னதற்கு இரண்டும் உண்டு. மனக்கோட்டை கட்டுவான் அடிநிலை இடாமலே மேல்மாடத்தில் உலாவுவான். அவனுக்குச் சுதை உலரும் வரை பொறுத்திருக்க வேண்டுவதில்லை. நாயனாரோ நாட்பார்த்து அடிநிலையிட்டு, ஒரு படையின்மேல் மறுபடையை அடுக்கிச் சென்றார். புறத்தே கோயிலெடுப்பான் ஒருவனுக்கு எத்துணைப் பொறுமை வேண்டுமோ அத்துணைப் பொறுமையும் அவர் அகத்திருப்பணிக்கு வேண்டியதாயிற்று.

இவ்விரண்டும் ஒன்றல்ல என்பது ஆராய்ச்சியாளர்க்கும் உடன்பாடே. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இருவர் 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரை நாளின் பல வேளைகளிலும் வினவியபோது, ஏறக்குறைய நூற்றுக்கு 47 வேளைகளில் அவர் மனம் செய்யும் செயலில் நில்லாது வேறெங்கோ அலைந்தமை தெரியவந்தது. மனம் அங்ஙனம் அலையும்போது மூளையின் சில பகுதிகள் ஒருங்கு கூடித் தொழிற்படும். நெடுநாள் தியானம் பயின்றோர்க்குத் தியான வேளையில் அப்பகுதிகளின் தொழில் தணிந்திருத்தலை ஜட்சன் புரூவரும் அவர்தம் துணைவரும் 2011-ஆம் ஆண்டில் கண்டனர். ஆகவே, அலைதலும் நிறுத்துதலும் அகத்தே நிகழ்வன என்னும் அளவில் ஒக்குமன்றி, தன்மையால் வேறென்பது தெளிவு.

அளவைகள் காட்டுவன

இனி, அகத்தே காண்பது வெறும் பொய்த்தோற்றமோ, அன்றி அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டோ என்பதனை ஆய்ந்த வரலாறு காண்போம். 1971-ஆம் ஆண்டில் ஷெபர்டு, மெட்சுலர் என்பார், ஒரு பொருளின் உருவத்தை மனத்தில் திருப்பிப் பார்க்கச் செய்தனர். திருப்பும் கோணம் மிகுந்தவாறே காலமும் மிகுந்தது. 1978-ஆம் ஆண்டில் காசுலினும் அவர்தம் துணைவரும், ஒரு தீவின் படத்தை மனத்திற் கொண்டு அதில் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மனத்தாற் செல்லுமாறு பணித்தனர்; தொலைவு மிகுந்தவாறே காலமும் மிகுந்தது. புறத்தே நடப்பார்க்கு உள்ள நெடுமை குறுமை, அகத்தே நடப்பார்க்கும் உண்டென்பது இவற்றாற் புலனாம். நாயனார் கோயில் ஒரு கணத்தில் முடியாது பன்னாள் எடுத்ததென்று சேக்கிழார் கூறியதன் பொருத்தம் ஈண்டு நினைக்கத்தக்கது.

1995-ஆம் ஆண்டில் பாஸ்குவல் லியோன் என்பார், இசைக்கருவி பயிலாதாரைக் கொண்டு பியானோவில் ஐவிரற் பயிற்சி ஒன்றை ஐந்து நாள், நாடொறும் இரண்டு மணி நேரம் செய்வித்தார். ஒரு சாரார் விரலால் வாசித்தனர். மற்றொரு சாரார் விரலசையாது மனத்தால் மட்டும் வாசித்தனர். விரலை இயக்கும் மூளைப்பகுதி இரு சாரார்க்கும் ஒத்த வகையில் விரிவடைந்தது. வாசிப்புத் திறத்தில் மனத்தாற் பயின்றோர் சிறிது பிற்பட்டனராயினும், பின்னர் ஒருமுறை விரலாற் பயின்ற அளவிலே மற்றையோரை எய்திவிட்டனர். கையை அசைக்காமலே கைக்குரிய இடம் மூளையில் மாறியது என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

கட்டடத்தை உள்ளத்தே அமைத்து அதனுள் உலாவுதல் பிற நாட்டாரும் கைக்கொண்ட முறையே. பண்டை உரோம நாட்டுச் சொல்வல்லார், ஒரு மாளிகையை மனத்தில் நிறுவி, பேசவேண்டும் பொருள்களை அதன் அறைதோறும் வைத்து, வேண்டுங்கால் அவ்வழியே நடந்து எடுத்துக்கொள்வர். சிசரோ இதனை எழுதியுள்ளார். இம்முறையை 2017-ஆம் ஆண்டில் திரெஸ்லரும் அவர்தம் துணைவரும் சோதித்தனர். நாளொன்றுக்கு அரைமணி நேரமாக 40 நாள் பயின்ற பொதுமக்கள், முன்னர் 72 சொற்களுள் ஏறக்குறைய 30 நினைவு கூர்ந்தவர்கள், பின்னர் 60-க்கு மேல் நினைவு கூர்ந்தனர். அவர்தம் மூளைப்பகுதிகள் தம்முள் இயைந்து தொழிற்படும் முறையும், நினைவாற்றலிற் சிறந்த வல்லுநரை ஒக்கும் வண்ணம் மாறிற்று.

இவையெல்லாம் உலகியற் பயிற்சிகள். தெய்வ உருவைப் பாவிப்பாரைப் பற்றிய ஆய்வும் உண்டு. திபேத்திய பௌத்தருள் ஒரு சாரார், தெய்வ வடிவத்தை உறுப்புறுப்பாக உள்ளத்தே அமைத்துத் தியானிப்பர். கொசெவ்னிகோவும் அவர்தம் துணைவரும் 2009-ஆம் ஆண்டில் அன்னாரை ஆய்ந்தபோது, தியானத்திற்கு முன் அவர்க்கும் பிறர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை; தியானம் முடிந்தவுடன், உருவத்தை மனத்தில் நிறுத்தும் ஆற்றல் அவர்மாட்டு மிக ஓங்கியிருந்தது. உருவத்தைப் பற்றாது வேறு வகையில் தியானித்தாரிடத்து அவ்வோக்கம் இல்லை. எதனைச் சார்ந்து தியானித்தனரோ அதற்கேற்ற மாற்றமே விளைந்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபு. உயிர் எதனைச் சாருமோ அதன் சாயல், அவ்வுயிர்க்குக் கருவியாகிய உறுப்பிலும் ஒருவாறு படிகின்றது போலும்.

மௌனமும் உறக்கமும்

மௌனத்தில் அமர்ந்தார் உறங்கினாரேயன்றி வேறில்லை என்று இகழ்வாரும் உளர். மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் முறையை ஜெர்மனி நாட்டு ஹான்ஸ் பெர்கர் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். விழித்து, கண்மூடி அமைதியாய் இருப்பார்க்கு ஆல்பா என்னும் அலை தோன்றும்; ஒளியோ ஒலியோ தாக்கின் அது கலையும். ஆழ்ந்த உறக்கத்திலோ மெல்லென எழும் பேரலைகள் தோன்றும்.

புதுதில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் என்னும் மூவர், யோகியர் சிலரை ஆய்ந்து 1961-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமாதியிலிருந்தார்க்கு ஆல்பா அலையே நிலவியது. உறக்கத்திற்குரிய அலை இல்லை. வல்லொளி, பேரொலி, சூடேற்றிய கண்ணாடியின் தீண்டல் ஆகியவற்றாலும் அவ்வலை கலையவில்லை. அவரே தியானம் இல்லாத வேளையில் சோதிக்கப்பட்டபோது, பிறர்க்குப் போலவே கலைந்தது. வேறு இருவர், 4 பாகை வெப்பமுள்ள குளிர்நீரில் 45 முதல் 55 நிமிடம் வரை கையை வைத்திருந்தபோதும் அவ்வலை மாறாதிருந்தது. ஆயப்பட்டோர் மிகச் சிலரே என்பது உண்மை. எனினும், விழிப்பும் உறக்கமும் அல்லாத ஒரு நிலை உண்டென்பதற்கு அது தக்கதோர் அறிகுறி.

சித்தாந்த நூல்கள் இதனை அவத்தை என்னும் தலைப்பில் நுண்ணிதின் வகுத்துள்ளன. நனவில் 35 கருவிகளும், கனவில் 25-உம், உறக்கத்தில் மூன்றும், துரியத்தில் இரண்டும், துரியாதீதத்தில் ஒன்றும் தொழிற்படும் என்பர். நனவின் இடம் நுதல் என்றதும் உணரத்தக்கது. இவ்வாறு கருவிகள் ஒன்றொன்றாய்க் கழன்று உயிர் ஒடுங்கும் ஒடுக்கம் ஆணவ இருளில் ஆழ்வதேயாகலின், அதனை ஆன்றோர் வீடென்று கொண்டிலர். கருவி அடங்கியும் அறிவு விளங்கி நிற்கும் அருள்நிலையையே மேலாகக் கொண்டனர். ஆகவே, சும்மா இருத்தல் என்பது செயலற்றுக் கிடத்தல் அன்று. கண்டுயிலாது திருப்பணி செய்த பூசலாரே அதற்குச் சான்று.

அளவையின் எல்லை

இவ்வளவைகளைக் கேட்ட அளவில், மூளையாராய்ச்சி சைவத்தை நிறுவிவிட்டது என்று பறையறைதல் அறிவுடைமையன்று. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, ஆராய்ச்சி முடிபுகள் மாறுவன. எட்டு வாரத் தியானப் பயிற்சியால் மூளையின் சில பகுதிகள் செறிவுற்றன என்று 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறிற்று; பலரும் அதனை எடுத்தோதினர். 2022-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இருநூற்றுக்கு மேற்பட்டோரை ஆய்ந்து, அத்தகைய அமைப்பு மாற்றம் காணப்படவில்லை என்று வெளியிட்டனர். முன்னதை நம்பித் தம் வழிபாட்டிற்கு அரண் தேடினார், பின்னது வந்தவழி வழிபாட்டை விடுவரோ? கருவியின் முள் அசைவதைப் பொறுத்து நிற்பது பத்தியாகாது.

இரண்டாவது, அளக்கப்படுவது கருவியேயன்றிக் கருவியை உடையவன் அல்லன். மூளை தூலவுடம்பின் உறுப்பு, மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்பன அதனினும் நுண்ணிய அந்தக்கரணங்கள், இவையனைத்தும் சடமே. அறிவது உயிர், அறிவிப்பது சிவம். சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் உயிரை அமைச்சரொடு கூடிய அரசனுக்கு ஒப்பிட்டது. அமைச்சர் மன்றத்தில் யார் எழுந்தார், யார் அமர்ந்தார் என்று வாயிலில் நின்று குறிப்பார்க்கு அரசன் உள்ளம் புலனாகாது. குறித்தவை பொய்யென்று கூறல் வேண்டா. அவை வாயிலிற் குறித்தவை என்பதை மறவாமையே வேண்டும்.

நாயனார் வரலாற்றின் உயிர்நிலையும் இதுவே. அவர் மனத்தில் கோயில் உருவானதனோடு கதை முடிந்திருப்பின், அது மனத்தின் ஆற்றலைக் கூறும் கதையாகவே நிற்கும். இறைவன் அதனுட் புகுந்தமையும், தொலைவிலிருந்த அரசனுக்கு அதனை அறிவித்தமையுமே அதனைப் புராணமாக்கின. கட்டியது அன்பர் உள்ளம். புகுந்தது பெருமான் அருள். முன்னதன் நிழல் ஒருவேளை கருவியிற் படலாம்; பின்னதை அளக்கும் கோல் இல்லை.

உருவம் தோன்றாதார்க்கு

ஈண்டு எழும் மற்றொரு வினா, அன்பர் சிலர்க்கு நெஞ்சைச் சுடுவது. கண்மூடினால் இருளன்றி வேறொன்றும் தோன்றவில்லையே. திருமேனி உள்ளத்தே எழவில்லையே. எனக்கு அகப்பூசை இல்லையோ என்று அவர் ஏங்குவர். அவர் குறை அன்பின் குறையன்று. மனக்கண்ணில் உருவமே தோன்றாத இயல்பு சிலர்க்குப் பிறவியிலேயே உண்டென்பதனை ஆடம் சீமன் என்னும் மருத்துவ அறிஞர் 2015-ஆம் ஆண்டில் விளக்கி, அதற்கொரு பெயரும் இட்டார். அத்தகையோர் நூற்றுவருள் ஒருவர் முதல் நால்வர் வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். அவரும் நன்கு சிந்திப்பர். நன்கு நினைவு கூர்வர். உருவம் மட்டும் எழாது.

சைவம் அவர்க்கு வாயிலடைக்கவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு வகுத்தது அவரவர் தகுதி நோக்கியேயாம். ஆகமங்கள் அகப்பூசையை இதயத்திற் பூசை, நாபியில் ஓமம், புருவநடுவில் தியானம் என விதித்தன. அவ்வகப்பூசைக்கும் திருவைந்தெழுத்தே உடலும் உயிருமாம். உருவம் எழாதார் எழுத்தை எண்ணலாம். எண்ணவும் மாட்டாதார் திருவலகிடலாம், மாலை தொடுக்கலாம், அடியார்க்கு அமுதூட்டலாம். திருவேற்காட்டு மூர்க்க நாயனார் சூதாடி வென்ற பொருளால் அடியார்க்கு அமுது செய்வித்தே சிவபதம் எய்தினார். ஒரே நாட்டுப் பகுதியில், ஒருவர் நினைவால் எய்தினார், ஒருவர் சோற்றால் எய்தினார். இருவரையும் ஒரே தொகையில் வைத்துப் போற்றினார் சுந்தரர்.

இன்று திருநின்றவூரில் இருதயாலீசுவரர் திருக்கோயில் கல்லால் அமைந்து விளங்குகின்றது. இதய நோயுற்றாரும் ஆண்டு வந்து வேண்டிச் செல்கின்றனர். ஐப்பசி அனுட நாளில் நாயனார் குருபூசை நிகழும். அந்நாளிற் செல்லும் அன்பர், அக்கற்கோயிலைத் தொழுதபின் ஒரு நாழிகை வாளா அமர்ந்து, தம்முள்ளே ஒரு கல்லேனும் எடுத்து வைப்பாராக. இருப்புப்பாதையின் ஓசை கேட்கலாம். மனம் பலகால் ஓடலாம். ஓடுந்தோறும் மீட்டுக் கொணர்ந்து அக்கல்லின்மேல் மற்றொன்றை அடுக்குக. மூளையில் விளைவது யாதாயினும் ஆகுக. பன்னாட் பணியின் பின் குறித்த நாளில் எழுந்தருளவேண்டியவன், பொருளில்லாத் தொண்டர் ஒருவருக்காகப் பேரரசன் ஒருவனைக் காத்திருக்கச் செய்தவன் ஆவன்.

திருச்சிற்றம்பலம்.